எடைக்குப் போடும் பஸ்

அந்தப் பஸ்ஸுக்கு இன்ஜின் இல்லை. சக்கரமும் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு தென்னந்தோப்பில் நான்கு கருங்கற்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருடங்களுக்கு மேலாகத் தோப்புக்காரருக்கு அதுதான் சாமான் அறை. கடைசி சீட்டு இருந்த இடத்தில் உர மூட்டை. டிரைவர் சீட்டு இருந்த இடத்தில் அடைக்கு உட்கார்ந்த கோழி. பக்கவாட்டுத் தகட்டை நகத்தால் சுரண்டினால், மேலே வீட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலம். அதற்கடியில் ‘சே’ என்ற ஓர் எழுத்தும் அடுத்த எழுத்தின் வாலும் தெரிகிற வேறொரு பூச்சு. அதற்கும் அடியில் அரக்கு நிறம், அதில் நிழல் கொடுத்து எழுதிய ஆங்கில எழுத்தொன்றின் விளிம்பு. 1972ல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது தனியார் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்குப் போன வண்டி. அதைச் சொல்ல ஆவணம் எதுவும் வேண்டியதில்லை, பெயிண்ட்டே சொல்கிறது.

நான் குனிந்து குனிந்து பார்ப்பதைத் தோப்புக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “இதுல என்னத்தைங்க தம்பி பாக்கறீங்க? கிலோ என்ன வெலைக்குப் போகும்னு கேக்கறவங்கதான் இதுவரைக்கும் வந்திருக்காங்க.”

அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவராவது முப்பது வருடம் அதை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார். ஓடுகிற வரைக்கும் பஸ், நின்றுவிட்டால் இரும்பு என்கிற எண்ணம் படித்தவர்களிடம்தான் கெட்டியாக இருக்கிறது. பழைய கிராமத்துப் பஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று எந்தச் சபையில் சொன்னாலும் ஒரு சிரிப்பு வருகிறது. பழசின் மேல் ஆசை, வேலை இல்லாதவன் பேச்சு என்பார் ஒருவர். ஊருக்குப் பஸ் இல்லாதபோது உனக்குப் பொம்மை பஸ் கேட்கிறதா என்பார் இன்னொருவர். போட்டோ இருக்கிறதே, போதாதா என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் என் நண்பர்கள்தான். மூன்று பேரும் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘பழசின் மேல் ஆசை’ என்கிற குற்றச்சாட்டு. பழைய பஸ் மேல் எனக்கு ஆசை கிடையாது. அதில் போய் வந்தவன் யாருக்கும் இருக்காது. இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் வெந்தது. மழை பெய்தால் ஜன்னலுக்கு மேலே சுருட்டி வைத்த படுதாவை அவிழ்த்து விடுவார்கள். மழை நின்றுவிடும், படுதாவின் நாற்றம் ஊர் போய்ச் சேரும் வரை நிற்காது. டீசல் புகை, வாந்தி, மேலே கூரையில் கட்டிய வாழைத்தாரிலிருந்து சொட்டுகிற பால், காலடியில் கட்டிப்போட்ட சேவல். எல்லாவற்றுக்கும் மேலே ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்ற உபதேசம். அந்தச் சுகத்துக்காக ஏங்குகிறவன் இன்னும் ஒருமுறை அதில் பழனி வரை போய்விட்டு வரட்டும்.

ஒரு பொருளைக் காப்பாற்றுவதற்கு அது நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அரண்மனைக்குத்தான் அந்த விதி. பஸ் அரண்மனை இல்லை. அது நம் கிராமத்துப் பாட்டன் பாட்டிகளில் பலர் முதன்முதலாகப் பணம் கொடுத்து இடம் வாங்கி, முன்பின் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்த இடம். அதுதான் விஷயம். கோயிலில் யார் எங்கே நிற்கலாம் என்பதற்கு ஆயிரம் வருட ஏற்பாடு இருந்தது. டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது. கிராமத்துக்குப் பஸ் வந்தபோது அங்கே அதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. முன்மாதிரி இல்லாததால் உடனே ஒன்றை உண்டாக்கப் பார்த்தார்கள். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் இருந்தார்கள். சுயமரியாதை இயக்கத்தின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கிற பஸ்ஸின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று உத்தரவு போட்டார். ரோடு ஜில்லா போர்டுடையது. அதில் ஓட வேண்டுமானால் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓடு. கோயில் நுழைவுக்கு வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்த காலத்தில் பஸ் நுழைவு ஒரு லைசென்ஸ் உத்தரவில் நடந்தது.

இதைச் சொன்னதும் என் இடதுசாரி நண்பர் பிடித்துக்கொள்வார். “அவமானத்தின் சின்னத்தையா பாலிஷ் போட்டு வைக்கச் சொல்கிறாய்?” ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். அந்தச் சீட்டை வைத்தால்தான் அதில் உட்கார விடவில்லை என்று காட்ட முடியும். மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021ல் வந்தபோது, ஒரு ஊரில் பஸ் நிற்காமல் போவது எத்தனை பெரிய விஷயம் என்று நகரத்துப் பிள்ளைகளுக்குப் படம் பார்த்துத்தான் தெரிந்தது. பஸ்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தக் கதையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், இன்னும் இருபது வருடத்தில் அது கட்டுக்கதை என்று சொல்ல ஒருவன் வருவான்.

அடுத்தது, ஊருக்கே பஸ் இல்லை என்ற வாதம். இது கனமானது. மலையடிவாரத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்காக நின்று நின்று கடைசியில் நடந்து போவதைப் பார்த்தவன் இதைக் கேலியாகத் தள்ள முடியாது. ஆனால் இந்த வாதத்தை வைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஊர்களுக்குப் பஸ் இல்லாமல் போனதற்குக் காரணம் யாரோ பழைய பஸ்ஸை ஷெட்டில் வைத்துக் கொஞ்சியது இல்லை. பழைய பஸ் அத்தனையும் எடைக்குப் போன பிறகும் அந்த ஊர்களுக்குப் பஸ் வரவில்லை. எடைக்குப் போட்ட காசில் எந்த வழித்தடமும் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பதுபோல, நஷ்டக் கணக்கு எங்கே போனாலும் கடைசியில் கிராமத்து டிரிப்பின் தலையில்தான் வந்து நிற்கிறது.

இன்னும் ஒன்று சொல்வேன். பழைய பஸ்ஸின் போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? தகரத்தில், கையால் எழுதியது. புறப்படும் ஊர் ஒரு பக்கம், சேரும் ஊர் ஒரு பக்கம், நடுவில் ‘வழி’ என்று போட்டு ஐந்தாறு ஊர்ப் பெயர்கள், கடைசிப் பெயருக்கு இடம் போதாமல் எழுத்தை நெருக்கியிருப்பார் பெயிண்டர். அந்த ஐந்தாறு பெயர்களில் இன்று எத்தனை ஊருக்கு நேரடிப் பஸ் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘நைட் ஹால்ட்’ என்று ஒன்று இருந்தது. கடைசி டிரிப் முடிந்து, பஸ் அந்தக் கடைசி ஊரிலேயே ராத்திரி தங்கும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே படுப்பார்கள், விடிகாலை முதல் டிரிப் அங்கிருந்தே கிளம்பும். ஊரில் யாருக்காவது நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் எழுப்புவதற்கு ஒரு வண்டி ஊர் எல்லையில் நின்றது என்பது சின்ன விஷயமா? எங்கள் ஊருக்கு இரவு பஸ் தங்கியது என்று இன்று ஒரு பையன் மனுக் கொடுத்தால், ஆதாரம் என்ன என்று கேட்பார்கள். போர்டுதான் ஆதாரம். போர்டு காயலான்கடையில். ஊருக்குப் பஸ் கேட்கிறவனுக்குப் பழைய பஸ் எதிரி இல்லை, அவன் தரப்புச் சாட்சி.

போட்டோ போதும் என்கிற மூன்றாவது நண்பருக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் சொல்வதுதான் கேட்க நியாயமாக இருக்கிறது.

தென்னந்தோப்புப் பஸ்ஸின் ஜன்னல் கட்டை ஒன்று கழன்று கிடந்தது. தோப்புக்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதைக் கரூருக்கு எடுத்துப் போனேன். கரூர், தென்னிந்தியாவின் தனியார் பஸ்களுக்குப் பாடி கட்டித் தருகிற ஊர். அங்கே பதினைந்து வயதில் பட்டறைக்குப் போய், கண் மங்கிய பிறகு வேலையை விட்ட மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். கட்டையை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை, தடவினார். மேல் முனையில் பொருத்து இறக்கிய இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

“தேக்கு. நம்ம பட்டறை இல்லைங்க. நாங்க பொருத்து இவ்வளவு ஆழம் எறக்க மாட்டோம். இது மலைக்குப் போற வண்டி. ஆழமா எறக்கலீன்னா வளைவுல பாடி முறுக்குறப்ப புடுங்கிக்கும்.”

எந்தப் போட்டோவில் இருக்கிறது இது? அந்தப் பொருத்து வெளியே தெரியாது. அதன் மேல் தகடு, தகட்டின் மேல் பெயிண்ட். பஸ் ஓடுகிற காலத்தில் ஒரு பயணிகூட அதைப் பார்த்திருக்க மாட்டான். வால்பாறை போன்ற மலைக்கு ஏறிய ஒரு வண்டியின் உடம்பு எப்படி முறுக்கும் என்பதை அறிந்த ஒரு தச்சன் அதற்கேற்ப உளியை அரை அங்குலம் கூடுதலாக இறக்கினான். அந்த அரை அங்குலம் ஓர் அறிவு. எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை. மரச்சட்டம் போய் இரும்புச் சட்டம் வந்தது. பிறகு பாடி கட்டுவதற்கென்று மத்திய அரசின் தர விதிகள் வந்தன. நல்லதுதான், கவிழ்ந்தால் உயிர் பிழைக்கிறார்கள். ஆனால் பழையதை அழித்தால்தான் புதியது வரும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். அவர்கள் காலத்தில் தகட்டில் திருகாணி அடித்து முடித்ததும் ஆணித் தலையின் கோடுகள் எல்லாம் ஒரே திசையில், செங்குத்தாக நிற்க வேண்டுமாம். ஒன்று சாய்ந்திருந்தாலும் பெரிய மேஸ்திரி பட்டறையில் எல்லார் எதிரிலும் திட்டுவாராம். அழகுக்காகவா என்று கேட்டேன். “மழைத்தண்ணி அதுல நிக்காம வழிஞ்சிரும். அப்புறம், ஒண்ணு லூசானா தூரத்துல இருந்தே தெரியும்” என்றார். தோப்புக்குத் திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐம்பது வருடத்துக்குப் பிறகும், துருப்பிடித்த வரிசையில் முக்கால்வாசிக் கோடுகள் செங்குத்தாகவே நின்றன.

ஓட்டுகிற அறிவும் அப்படித்தான். லேலண்ட் காமெட்டின் 350 கன அங்குல இன்ஜினோடு வந்த கியர் பெட்டிக்கு முன்னால் இன்றைய டிரைவரை உட்கார வைத்தால், முதல் மேட்டிலேயே பல் கடிக்கிற சத்தம் ஊருக்குக் கேட்கும். கீழ் கியருக்கு வர, கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி இன்ஜினை ஒரு உறுமு உறும விட்டு, மறுபடி கிளட்ச்சை மிதித்துத் தள்ள வேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். ஏறுகிற மேட்டில், ஐம்பது பேரையும் கூரைச் சுமையையும் வைத்துக்கொண்டு, ஒரு நொடி தப்பினால் வண்டி பின்னால் உருளும். கிளீனர் முட்டுக்கட்டையோடு படியிலேயே நின்றது அதற்காகத்தான். அந்தக் கால் இரண்டும் செய்கிற தாளம் ஓட்டித்தான் கைவரும். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். வண்டியும் வேண்டும், ஆளும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். இன்னும் எத்தனை வருடம் அந்த வசதி நமக்கு இருக்கிறது?

இன்றைய பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. செல்போனில் பஸ் ஓட்டுகிற விளையாட்டுகளில் நம் ஊர் அரசுப் பஸ்ஸின் நிறத்தையும் எழுத்தையும் அச்சு அசலாக வரைந்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையை வெட்டி ஒரு முழ நீளத்தில் பஸ் செய்து, அதற்கு ஏணி, ஸ்டெப்னி, குறள் பலகை வரைக்கும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டிப் பொழுது என்று அவர்களைத் திட்டுவது சுலபம். இரும்பில் ஒன்றை நாம் அவர்களுக்கு விட்டுவைக்காததால்தான் அவர்கள் அட்டையில் செய்துகொள்கிறார்கள். இந்த விஷயத்தில் பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் வெட்கம் மானம் இருக்கிறது.

இனி, எங்கள் பக்கத்து ஆட்களைப் போலவே பேசுகிறவர்களிடம் வருகிறேன். இவர்கள் பழைய பஸ்ஸைக் காப்பாற்ற வேண்டும் என்பார்கள். எப்படி என்று கேட்டால், “ஒரு பஸ்ஸை எடுத்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, பஸ் ஸ்டாண்டு வாசலில் மேடை கட்டி நிறுத்திவிடலாம், ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள்” என்பார்கள். இந்த யோசனையை எடைக்குப் போடுகிறவனைவிட அதிகமாக வெறுக்கிறேன். எடைக்குப் போடுகிறவன் கொன்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறான். இவர் பிணத்துக்குப் பவுடர் போட்டு உட்கார வைக்கிறார்.

வெயிலில் மேடை மேல் நிறுத்திய பஸ் கீழிருந்து சாகும். டயர் தட்டையாகி வெடிக்கும். மரச்சட்டத்தில் கூரை ஒழுகிய தண்ணீர் இறங்கி, தகட்டுக்குள்ளேயே கறையான் பிடிக்கும். இன்ஜினில் எண்ணெய் வழிந்து அடியில் தங்க, மேலே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து வருடத்தில் அது குப்பைத்தொட்டியாகும், ஆறாவது வருடம் ‘பொதுமக்களுக்கு இடையூறு’ என்று அகற்றப்படும். அதற்கு முன்பே நிறத்தைத் தப்பாக அடித்திருப்பார்கள். சுரண்டிப் பார்க்கச் சொன்னால் யாருக்குப் பொறுமை? தோப்புப் பஸ்ஸில் மூன்று பூச்சு இருந்ததைச் சொன்னேனே, முதல் வேலையாக அதை மணல் காகிதம் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். தனியார் காலம், 1972, சேரன் என்ற பெயர், அப்புறம் 1997ல் போக்குவரத்துக் கழகத்துக்குப் பெயர் வைத்ததில் தெற்கே மூண்ட கலவரத்துக்குப் பிறகு சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், ஜீவா என்று எல்லாப் பெயரும் ஒரே உத்தரவில் பஸ்ஸின் நெற்றியிலிருந்து அழிக்கப்பட்டது என இந்த மாநிலத்தின் அரைநூற்றாண்டு அரசியல் பஸ்ஸின் பெயிண்ட்டில் படிந்திருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மேலே பளபளப்பு.

மீட்பது என்றால் வேறு. எது அசலாக இருக்கிறதோ அதைத் தொடாமல், எது கெட்டதோ அதை மட்டும் மாற்றி, மாற்றியது எது என்று எழுதி வைப்பது. கெட்டுப்போன கட்டையில்கூட முழுசையும் கழற்றாமல் அழுகிய முழத்தை மட்டும் வெட்டி, புதுத் தேக்கில் ஒட்டுப் போடுவது. சீட்டில் ஸ்பாஞ்சு வைக்காமல், முன்பு இருந்த தேங்காய் நாரையே அடைப்பது. முக்கியமாக, ஓட்டுவது. மாதம் ஒருமுறையாவது ஸ்டார்ட் பண்ணி, பத்துக் கிலோமீட்டராவது ரோட்டில் போய் வர வேண்டும். எண்ணெய் சுற்றவில்லை என்றால் இன்ஜின் இல்லை.

முடியாத காரியமா? நம் ரயில்வே செய்து காட்டியிருக்கிறது. 1855ல் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்கிற நீராவி இன்ஜின் நூறு வருடம் காட்சிப் பொருளாக நின்றது. அதை 2010ல் சென்னைப் பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் எழுப்பி, தண்டவாளத்தில் ஓட வைத்தார்கள். வெளிநாட்டு நிபுணர் யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை, அன்றாடம் பணிமனைக்கு வருகிற ஃபிட்டர்களும் வெல்டர்களும்தான். போக்குவரத்துக் கழகங்களிலும் பணிமனை இருக்கிறது, சொந்தமாகப் பாடி கட்டிய பிரிவுகள் இருந்தன. ரயில்வேக்கு இருந்ததும் இவர்களுக்கு இல்லாததும் திறமை இல்லை. தன் வண்டியின் மேல் ஒரு மரியாதை. ரயில் ராஜாங்கம், பஸ் பரதேசி என்கிற நினைப்பு தொழிலாளியிடம் இல்லை, மேலே கையெழுத்துப் போடுகிறவரிடம் இருக்கிறது.

வெளிநாட்டைக் காட்டினால் ‘அவன் பணக்காரன்’ என்பார்கள். பிரிட்டனில் பழைய லாரி, பஸ் காப்பவர்களின் சங்கம் 1958ல் ஆரம்பித்தது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு அவர்களின் பழைய வண்டி ஊர்வலம் 1962லிருந்து போகிறது. அங்கே இன்று கிராமத்து விழாக்களில் ஓடுகிற பெட்ஃபோர்ட் ஓ.பி. என்கிற சின்ன பஸ், 1939க்கும் 1951க்கும் இடையில் செய்யப்பட்டது, மூக்கு நீண்டு, இருபத்தொன்பது பேர் உட்காருவது. அரசாங்கம் காப்பாற்றியது இல்லை அது. பெரும்பாலும் சனி ஞாயிறு கையில் கிரீஸோடு நிற்கும் தன்னார்வலர்கள் காப்பாற்றியது. நமக்கு சனி ஞாயிறு இல்லையா, கிரீஸ் இல்லையா?

பணத்தைவிடப் பெரிய முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. மக்கள் அதைக் கவனிப்பதில்லை, ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டிய, அசல் வடிவத்தில் இருக்கிற வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் தனிப் பதிவு. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்க்கவும் ரோட்டில் எடுத்துப் போகலாம், வாடகைக்கு ஓட்டக்கூடாது. அருமையான விதி. ஆனால் எந்த வண்டிக்கு? இரு சக்கர வாகனத்துக்கும், டிரைவரைத் தவிர எட்டுப் பேர் வரை உட்காருகிற சொந்த உபயோக வண்டிக்கும். அதாவது காருக்கு. ஜமீன்தாரின் காருக்கு இடம் உண்டு, மில் முதலாளியின் காருக்கு உண்டு. அந்த ஜமீனின் குடியானவர்களையும் அந்த மில்லின் தொழிலாளிகளையும் ஏற்றிச் சென்ற பஸ்ஸுக்கு இல்லை. எழுதியவர்கள் வேண்டுமென்று விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பஸ் என்ற ஒன்று பழம்பெருமைக்கு உரியதாக இருக்கலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தோன்றாததுதான் என் வழக்கு.

அப்புறம் 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு விதி: பதினைந்து வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு ரத்து, பதிவு பெற்ற மையத்தில் உடைத்தாக வேண்டும். போக்குவரத்துக் கழகப் பஸ்களும் இதில் அடக்கம். புகை கக்குகிற ஓட்டை வண்டிகள் ரோட்டை விட்டுப் போகட்டும், ஆட்சேபம் இல்லை. ஆனால் பாதுகாப்புப் பணியின் சிறப்பு வாகனங்களுக்கு அதே விதியில் விலக்கு எழுதத் தெரிந்திருக்கிறது. ஆக, விலக்கு என்கிற சொல் சட்டத்துக்குத் தெரியும். பதினைந்தாவது வருடத்தில் உடைத்தே தீர வேண்டும் என்றால், ஐம்பதாவது வருடத்தை ஒரு அரசுப் பஸ் எப்படி எட்டும்? ஒரு கதவு ஐம்பது வயதுக்குத் திறக்கிறது, இன்னொரு கதவு பதினைந்தில் மூடுகிறது. புகை என்பார்கள். மாதம் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிற பழைய பஸ், ஒரு மொஃபசல் பஸ் ஒரே நாளில் ஓடுகிற தூரத்தை ஒரு வருடத்திலும் ஓடாது.

இத்தனையும் எதற்கு என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு அந்த ரோட்டையே காட்டுகிறேன். ஜி.டி. நாயுடு 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, தானே ஓட்ட ஆரம்பித்தது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில், உடுமலை வழியாகப் போகிற இதே சாலையில். அதற்கு எட்டு வருடம் முன்பே டி.வி. சுந்தரம் ஐயங்கார் தெற்கே பஸ் விட்டுவிட்டார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது அவர் கம்பெனி கரியைப் புகைய வைத்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் கருவி செய்தது; பின்னால் ஒரு பீப்பாயைச் சுமந்துகொண்டு கரி பஸ் ஊருக்கு ஊர் போனது. இந்தியாவின் மோட்டார் தொழிலில் தமிழ்நாட்டுக்கு இன்று ஒரு பெயர் இருக்கிறதென்றால் அதன் வேர் மாட்டு வண்டித் தடத்தில் ஓடிய இந்தப் பஸ்களில் இருக்கிறது. முதலாளிகளுக்கு வாழ்க்கை வரலாறு வந்துவிட்டது. கோவையில் நாயுடு குடும்பத்து அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம்கூட இருக்கிறது, நன்றாகவே வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். கண்டக்டரின் தோல் பைக்கும், கிளீனரின் முட்டுக்கட்டைக்கும், பொருத்தை அரை அங்குலம் ஆழமாக இறக்கிய தச்சனுக்கும் வாழ்க்கை வரலாறு கிடையாது. அவர்களுக்கு இருப்பது பஸ்தான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று பழமொழி சொல்லிக்கொண்டே பஸ்ஸைக் கிலோ கணக்கில் நிறுக்கிறோம்.

அரசாங்கத்திடம் கேட்பது அதிகமில்லை. போக்குவரத்துக் கழகத்தின் ஒவ்வொரு கோட்டமும் ஏல வரிசையிலிருந்து ஒரே ஒரு கிராமத்துப் பஸ்ஸை, அதன் போர்டோடும் டிக்கெட் கட்டோடும் ஒதுக்கி வைக்கட்டும். ஓய்வு பெற்ற மெக்கானிக் இரண்டு பேரைக் கூப்பிட்டு, தினக்கூலி கொடுத்து, ஐ.டி.ஐ. பையன்கள் நான்கு பேரை அவர்களோடு விடட்டும். பழம்பெரும் வாகன விதியில் பஸ்ஸையும் லாரியையும் சேர்க்கச் சொல்லி மாநிலம் மத்திய அரசுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். தோப்பிலோ, அரிசி மில் பின்னாலோ, செங்கல் சூளையிலோ பஸ் கூடு ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அதைத் தேய்க்காதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். சேசிஸ் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கூரை ஒழுகாமல் ஒரு தார்ப்பாய் போடச் சொல்லுங்கள்.

உடுமலைப் பக்கத்துத் தோப்புக்காரரிடம் போன வாரம் பேசினேன். தார்ப்பாய் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். தை பிறந்ததும் வந்து வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று காயலான்கடைக்காரர் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம்.